கடற்கரைக் குடும்பம் ஏற எந்த மலை? பிறான்மலை முதல் கொழுக்குமலை வரை ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் நங்கூரமிட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது. பிள்ளைகளுக்கும் அதையொட்டித்தான் முழுப் பரீட்சை முடிந்து லீவு விடுகிறார்கள். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்கிற காலம் வருஷத்தில் இது ஒன்றுதான். அதனால் மலைக்குப் போகிற பேச்சு நம் ஊரில் சித்திரையில் ஆரம்பித்து வைகாசியில் சூடு பிடிக்கும்.

போன மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. உச்சிப்புளியில் ஒரு டீச்சரம்மா: கணவர், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், சொந்தக் கார். கீழக்கரையில் ஒரு குடும்பம்: துபாயிலிருந்து 30 நாள் லீவில் வந்திருக்கும் வாப்பா, மூட்டு வலியோடு இருக்கும் அவருடைய உம்மா, வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். பாம்பனில் ஒரு படகுக்காரர் வீடு: அண்ணன் தம்பி குடும்பம் சேர்த்து 11 பேர், வாடகை வேன். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: வண்டியில் போய் இறங்கி போட்டோ எடுத்துவிட்டு வருவது போதாது, பிள்ளைகள் தங்கள் காலால் ஏறி ஓர் உச்சியில் நிற்க வேண்டும். பயமும் ஒன்றுதான்: நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால்?

நம் பிள்ளைகள் பார்த்திருக்கிற உயரமான இடம் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், மணல் மேடு. அங்கிருந்து திடீரென்று 7,000 அடிக்குப் போகும்போது எதை எதிர்பார்ப்பது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. கீழே சொல்லியிருக்கும் ஐந்து மலைக்கும் என் வீட்டாரோடு போயிருக்கிறேன். மூன்றில் ஒரு முறையாவது பாதி வழியிலேயே திரும்பினோம். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

உயரத்தை வைத்தும் போட்டோவை வைத்தும் மலையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது, பாதியில் திரும்ப வேண்டி வந்தால் அதற்கு என்ன விலை என்பதை. ரூமுக்கு இரண்டு நாள் வாடகை கட்டியாகிவிட்டது, ஜீப்புக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, 250 கிலோமீட்டர் ஓட்டி வந்தாகிவிட்டது என்றால், மேகம் கறுத்தாலும் மனசு திரும்ப விடாது. படகுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றிக் கிளம்பிய பிறகு காற்று மாறினால், செலவு செய்த காசுதான் நம்மைப் பிடித்து முன்னால் தள்ளும். மலையிலும் அதே கதைதான். திரும்புவதற்குக் குறைந்த விலை கேட்கும் மலைதான், முதல்முறை ஏறும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான மலை.

அடுத்தது நேரம். காலை 11 மணிக்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்க முடியுமா? ஏப்ரல், மே மாதங்களில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலெழும்பி, நண்பகலுக்குள் மேகம் திரளும். இரண்டு, மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். கோடை மழை என்று நாம் சொல்வது இதைத்தான். காலை 7 மணி வானத்தைப் பார்த்து மத்தியானத் திட்டம் போடுவது மலையில் செல்லாது.

மூன்றாவது ஒதுங்க இடம். மின்னல் வெட்டியதற்கும் இடி கேட்டதற்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உச்சியையும் தனி மரத்தையும் விட்டுக் கீழே வர வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மறுபடி ஏறக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். விநாடி எண்ணுவது அவர்களுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

பிறகு குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். நம் கரையில் 34 டிகிரி என்றால் 2,400 மீட்டரில் பகலிலேயே 18, 19-தான் இருக்கும். நனைந்த சட்டையில் காற்று அடித்தால் 18 டிகிரியே பிள்ளைகளை நடுங்க வைத்துவிடும். அந்த உயரத்தில் மூச்சுக் காற்றில் கிடைக்கும் பிராணவாயுவும் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். விடிகாலையில் கடற்கரையில் காபி குடித்துவிட்டு மத்தியானம் அங்கே நிற்பவர்களுக்குத் தலை கனப்பதில் ஆச்சரியமில்லை.

கடைசியாக, குழுவில் நடக்க முடியாதவர் யார் என்பது. அவருக்கு ஏற்ற வேகம்தான் மொத்தக் குழுவின் வேகம். 11 பேர் போனால் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

## பிறான்மலை

சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்குப் பக்கம், ராமநாதபுரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் மங்கைபாகர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் என்ற தலம். மலை மேலே ஷேக் அப்துல்லா வலியின் தர்கா இருக்கிறது. ஒரே மலையில் கும்பிடப் போகிறவரும் ஜியாரத்துக்குப் போகிறவரும் எதிரும் புதிருமாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கீழக்கரை வீட்டுக்கும் உச்சிப்புளி வீட்டுக்கும் சேர்த்து நான் சொல்லக்கூடிய மலை என்றால் இதுதான்.

உயரம் சுமார் 2,500 அடி. பிள்ளைகளோடு ஏற ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். மலைப்பாதை வளைவு ஒன்றுகூட இல்லை. வண்டி சமவெளியிலேயே அடிவாரம் வரை போய்விடும். வாந்தி, தலைசுற்றல் எதுவும் கிடையாது. விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் 6 மணிக்கு மலையடியில் நிற்கலாம். ரூம் வேண்டாம். சாயங்காலம் வீடு.

திரும்பும் விலை ஏறக்குறைய பூஜ்யம். மழை வந்தால் இறங்கி, கோயிலைப் பார்த்துவிட்டு, குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போய்விடலாம். நாள் வீணாகாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு வெயில். குளிர்ச்சி தேடிப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மே மாதம் 9 மணிக்கு மேல் பாறை காய ஆரம்பித்தால் உள்ளங்கை வைக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கீழிருந்தே சுமந்து போக வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பாறையில் பாசி வழுக்கும். இறங்கும்போது பிள்ளைகளைப் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கச் சொல்லுங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

## சிறுமலை

திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சிறுமலை. நமக்கு சுமார் 200 கிலோமீட்டர். மலைவாழைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு நடை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 6 வயதுப் பிள்ளையும் ஏறும், 60 வயதுக்காரரும் நின்று நின்று ஏறிவிடுவார். உச்சியில் நிற்கும் உணர்வு கிடைக்கும். கொடைக்கானல் அளவுக்குக் கூட்டமில்லை.

வெயிலுக்கும் குளிருக்கும் நடுவில் நிற்கும் மலை இது. தென்மேற்குப் பருவக் காலத்தில், அதாவது நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்கே மலைகள் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே மழை குறைவு. காந்தி ஜெயந்தி லீவு, காலாண்டு லீவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சிறுமலை. ஐப்பசி பிறந்துவிட்டால் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நம் கரையையும் அந்த மலையையும் சேர்த்தே நனைக்கும்.

குறை ஒன்று உண்டு. ஒரு மணி நேர நடைக்கு 400 கிலோமீட்டர் போய்வருவதா என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதை மதிக்கத்தான் வேண்டும்.

## சதுரகிரி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து அதிகம் பேர் போகும் மலை இதுதான், அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் மலையும் இதுதான்.

அருப்புக்கோட்டை, விருதுநகர் வழியாக வத்திராயிருப்பு. அங்கிருந்து தாணிப்பாறை அடிவாரம். சுமார் 170 முதல் 180 கிலோமீட்டர். நடை முழுக்கக் காடு. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடி கருப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி சுந்தரமகாலிங்கம் சன்னதிக்குப் போய்ச் சேர 3 முதல் 4 மணி நேரம். பெரியவர்களுக்கே கெண்டைக்கால் இறுகிவிடும். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பாதி வழி நீங்கள்தான் தூக்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், பாதை ஓடைகளைக் குறுக்கே கடக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாமல் இருக்கலாம்; மேலே பெய்திருந்தால் ஓடை திடீரென்று ஏறும். 2015 மே மாதம் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை கடுமையாகிவிட்டது. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் விடுவார்கள், மழை என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள், மேலே இரவு தங்க முடியாது. 2021 முதல் இது புலிகள் காப்பகப் பகுதி. அடிவாரத்தில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்ப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மலையேற அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இங்கே திரும்பும் விலை காசில் இல்லை, வேண்டுதலில் இருக்கிறது. என் அம்மா என் அக்காவின் பிரசவத்துக்காக நேர்ந்துகொண்டு, ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, ஒரு பிரதோஷத்துக்குக் கிளம்பினார். மாங்கனி ஓடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் நிறம் மாறியிருந்தது. பத்து நிமிஷம் முன்னால் கூழாங்கல் தெரிந்த தண்ணீர், டீ மாதிரிச் செம்மண் கலந்து வந்தது. கூடவே பச்சை இலையும் சின்னச் சின்னக் குச்சியும் மிதந்தன. காய்ந்த சருகு எப்போதும் வரும். பச்சை இலை வந்தால் மேலே எங்கோ மழை அடித்து இலையை உதிர்த்திருக்கிறது என்று எங்களோடு வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். அம்மா ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்தார். "இங்கேர்ந்தே கும்பிட்டுக்கறேன்ப்பா" என்று சொல்லி, கொண்டுவந்த சூடத்தைத் திரும்ப இறங்கி அடிவாரத்தில் ஏற்றினார். அவர் அப்படி மனசு வைக்காவிட்டால் நான் திரும்பியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் சதுரகிரிக்குக் குடும்பத்தோடு போவதானால், வேண்டுதலோடு போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடையில் திரும்பினாலும் நேர்த்தி நிறைவேறிய கணக்கு என்று வீட்டிலேயே பெரியவர்களிடம் பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். தை, மாசி மாதத்தில், 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போனால் இந்த ஐந்தில் உண்மையான மலையேற்றம் என்று சொல்லத்தக்கது இதுதான்.

## கொடைக்கானல்: வட்டக்கானல் நடை

மதுரை, வத்தலக்குண்டு வழியாக சுமார் 235 கிலோமீட்டர். ஊரே 7,000 அடிக்கு மேல்தான் இருக்கிறது. கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் நடைபாதையில் நின்று பார்ப்பவை. ஏற்றம் என்று சொல்ல முடியாது. வழியிலேயே கூர்மையாகத் தெரியும் பெருமாள்மலை உச்சிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியோடு நடக்கக்கூடிய பாதைகளை 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள், வழிகாட்டியும் கூட வருவார். குடும்பங்கள் பெரும்பாலும் போவது வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு.

இந்த நடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, இது தலைகீழ் மலை. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பிள்ளைகள் துள்ளிக் குதித்து இறங்கிவிடுவார்கள். களைத்து, பசித்து, சில சமயம் நனைந்த பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது.

நான்கு வருஷம் முன்னால் ஒரு மே மாதம். சாப்பாட்டை முடித்துவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு மேல் இறங்க ஆரம்பித்தோம். பாறைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது மச்சான் நின்றுவிட்டார். அக்கா வீட்டுக்காரர், 20 வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்.

"காத்து விழுந்துருச்சு மாப்ள. ஏறு."

"இந்தா, தெரியுது பாருங்க மச்சான் பாறை. பார்த்துட்டுத் திரும்பிருவோம்."

"கடல்ல இப்படிக் காத்து செத்தா அடுத்து என்ன வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் சீசன் வாடகையில் இரண்டு இரவுக்கு ரூம் போட்டிருந்தேன். அதற்காகவே இன்னும் கொஞ்சம் போவோம் என்றேன். ஐந்து நிமிஷத்தில் சில்லென்று ஒரு காற்று எதிரே வந்து முகத்தில் அடித்தது. இடிமேகம் தனக்கு முன்னால் தள்ளிவிடும் குளிர்ந்த காற்று அது. பின்னாலேயே மழை. வேர்கள் படிக்கட்டு மாதிரிப் பின்னிக் கிடக்கும் அந்தப் பாதை, வாய்க்காலாக மாறியது. மகளுக்கு அப்போது 8 வயது. பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, உதடு நிறம் மாறி, பல் கிட்டிப்போய் நடுங்கினாள். பாதையோரத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் ஓர் அம்மா தன் தார்ப்பாய்க்குள் எங்கள் ஆறு பேரையும் இழுத்துக்கொண்டார். கரி அடுப்புக்கு முன்னால் மகளை உட்கார வைத்து, தன் சேலைத் தலைப்பாலேயே தலையைத் துவட்டினார். காசு கொடுத்தபோது கதிருக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே வட்டக்கானல் நடைக்குக் காலை 7 மணிக்கே இறங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பருத்தி வேண்டாம். சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணி, மேலே ஒரு மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாற்றுச் சட்டை. மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்போ சுண்ணாம்போ வைத்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் ஐந்தில் அதிகம் இங்கேதான். சீசனில் ரூம் வாடகை எங்கேயோ போய்விடும். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். காசு இல்லை, ஆனால் வண்டி எண்ணும் தேதியும் போட்டே எடுக்க வேண்டும் என்பதால், வானத்தைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைந்துவிட்டது. 2025 கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் பசுமை வரி கட்ட வேண்டும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்வது நல்லது.

இதன் பலம், ஊரே ஒதுங்குமிடம். மழை வந்தால் ரூம், ஆஸ்பத்திரி, சூடான சாப்பாடு எல்லாம் பக்கத்தில். நடக்க முடியாதவர் கோக்கர்ஸ் வாக்கில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நடந்துவிட்டு வரலாம். கலவையான குழுவுக்கு இதைவிட வசதி வேறெங்கும் இல்லை.

## கொழுக்குமலை

போடி, போடிமெட்டு, சூரியநெல்லி. சுமார் 250 கிலோமீட்டர். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அங்கிருந்து உங்கள் வண்டி போகாது, ஜீப்தான். விடிகாலை 4 மணிக்கு ஏறி, கல் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிப் போனால், 7,900 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் சூரிய உதயம். கீழே தேனிப் பக்கம் முழுக்க மேகம் பரந்து கிடக்கும். கிழக்கே பார்த்து நிற்கிறோம். அந்த மேகத்துக்கு அப்பால் எங்கோ நம் கடல். அந்த அரை மணி நேரத்துக்காக மறுபடியும் 250 கிலோமீட்டர் ஓட்ட நான் தயார்.

ஆனால் பிள்ளைகள் ஏற வேண்டும் என்பதுதானே நம் கேள்வி? ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து காட்சிமுனைக்கு நடை கொஞ்சம்தான். பக்கத்திலுள்ள மீசைப்புலிமலை 2,640 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 3 மீட்டர் அதிகம். அதற்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் மூணாறிலிருந்து அனுமதியோடு மலையேற்றம் நடத்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். குரங்கணி வழியாக நடந்து ஏறுவது, இறங்குவது என்று யாராவது ஆசை காட்டினால், அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீ 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வனத்துறை பாதைகளை மூடுவது அந்தத் தீக்குப் பயந்துதான்.

திரும்பும் விலை இங்கே மிக அதிகம்: சூரியநெல்லியில் ஒரு இரவு, ஆள் கணக்கில் இல்லாமல் வண்டி கணக்கில் வாங்கும் ஜீப் வாடகை, தோட்டத்து நுழைவுக் கட்டணம், வாடகை வேன் என்றால் எல்லையில் கேரள வரி. 11 பேருக்கு இரண்டு ஜீப். நாங்கள் போன முதல் முறை, பாதி வழியில் டிரைவர் தம்பி வண்டியை நிறுத்திவிட்டார். மூடுபனியில் அடுத்த வளைவு தெரியவில்லை, தூறலும் விழுந்தது. "இதுக்கு மேல வேண்டாம்ண்ணே" என்றார். பணத்தில் ஒரு பைசா திரும்பி வரவில்லை. அவர் பேச்சைக் கேட்டது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே முடிவு உங்கள் கையில் இல்லை, டிரைவர் கையில்தான். அவரை வற்புறுத்தக் கூடாது.

இடி இடித்தால் ஜீப்புக்குள் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரும்புக் கூரையும் மூடிய கதவும் உள்ள வண்டிதான் மின்னலிலிருந்து காக்கும். தார்ப்பாய் போட்ட திறந்த ஜீப் காக்காது. இடுப்பு வலிக்காரர், கர்ப்பிணி, மூட்டு வலிக்காரர் இந்தக் குலுக்கலுக்கு வரவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஜனவரி, பிப்ரவரி தொடக்கம்தான் இதற்கு ஏற்ற காலம்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| மலை | ஒரு வழித் தூரம் (ராமநாதபுரத்திலிருந்து, சுமார்) | நடை | திரும்பும் விலை | மழைக்கு ஒதுங்க | நல்ல மாதங்கள் |
|---|---|---|---|---|---|
| பிறான்மலை | 140 கி.மீ. | ஏற 1½–2 மணி | மிகக் குறைவு | அடிவாரக் கோயில் | டிசம்பர் கடைசி–மார்ச். கோடையில் விடிகாலை மட்டும் |
| சிறுமலை | 200 கி.மீ. | 1 மணிக்குள் | குறைவு | வண்டி பக்கத்தில் | ஜனவரி–அக்டோபர் தொடக்கம் |
| சதுரகிரி | 170–180 கி.மீ. | ஏற 3–4 மணி | காசு குறைவு, மனசுக்கு அதிகம் | வழியில் அரிது | தை, மாசி |
| வட்டக்கானல் | 235 கி.மீ. | இறங்கி ஏற அரை நாள் | அதிகம் | ஊரே பக்கம் | ஜனவரி–மார்ச். மே என்றால் காலை 7 மணி |
| கொழுக்குமலை | 250 கி.மீ. + ஜீப் | கொஞ்சம் | மிக அதிகம் | அரிது | ஜனவரி, பிப்ரவரி தொடக்கம் |

## நம் ஊர் வண்டிக்கு ஒரு வார்த்தை

கடற்கரை வண்டியின் வைப்பரை வருஷத்தில் பத்து மாதம் நாம் தொடுவதே இல்லை. உப்புக் காற்றிலும் வெயிலிலும் ரப்பர் இறுகி, விளிம்பு வெடித்திருக்கும். முதல் மழையில் கண்ணாடியைத் துடைக்காமல் கோடு போடும். விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். பிரேக்கையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், உப்புத் துரு முதலில் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். கண்ணாடி உள்பக்கம் புகை படிந்தால் துணியால் துடைப்பதைவிட ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் உடனே தெளியும்.

## அந்த மூன்று வீட்டுக்கும்

உச்சிப்புளி டீச்சரம்மாவுக்குப் பிறான்மலை என்று சொன்னேன். 7 வயதுப் பிள்ளைக்கு முதல் மலை அதுவாக இருக்கட்டும். பிடித்திருந்தால் காலாண்டு லீவில் சிறுமலை.

கீழக்கரை வாப்பாவுக்கு வருஷத்தில் 30 நாள்தான் குடும்பத்தோடு. உம்மாவை வீட்டில் விட்டுப் போக மனசில்லை. அவர்களுக்குக் கொடைக்கானல்தான் சரி, செலவு கூடினாலும். வார நாளில் இரண்டு இரவு, காலையில் பிள்ளைகளோடு வட்டக்கானல், பத்தரைக்குள் மேலே வந்து உம்மாவோடு பகல் முழுக்க ஏரிக்கரை. பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்தவர்கள் என்பதால் அடுத்த லீவு தை மாதத்தில் கிடைத்தால் கொழுக்குமலையும் பார்க்கலாம்.

பாம்பன் வீட்டு 11 பேருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்கள் மனசில் இருந்தது சதுரகிரி. மே மாதம், 11 பேர், அதில் 5 வயதுப் பிள்ளையும் ஒன்று. நான் வேண்டாம் என்றேன். மூத்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சின்னதுகளை வச்சுக்கிட்டுச் சிறுமலை போயிட்டு, தையில நாங்க பெரியவங்க மட்டும் சதுரகிரி போறோம்" என்றார். அதைவிட நல்ல திட்டம் எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இந்த வருஷம் பிறான்மலைக்குப் போகிறோம். மே இரண்டாவது புதன்கிழமை, விடிகாலை 3 மணிக்கு. மச்சானும் வருகிறார். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று அவர் சொன்னால் அந்த இடத்தில் திரும்புவது என்று மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவள் ஏற்கெனவே மழைக்கோட்டை எடுத்து மடித்து வைத்துவிட்டாள்.